அம்மா முடித்துவைத்த வாக்கியம்

பணி அனுபவங்கள் எழுதுகிறவருக்குத் தலை நரைத்திருக்க வேண்டும் என்று ஓர் எழுதாத விதி இருக்கிறது. எனக்கு இருபத்தெட்டு வயது. நரை என்று சொல்ல இரண்டு முடி இருந்தது, அதையும் போன வாரம் கூட வேலை செய்கிற சத்யா பிடுங்கி எறிந்துவிட்டாள். ஆனால் இந்த மாதத்தோடு மேற்படிப்புக்காக மையத்தை விட்டுப் போகிறேன். என் நாற்காலியில் உட்காரப்போகிற உங்களுக்கு ஏதாவது எழுதிவைத்துவிட்டுப் போ என்றார்கள். சொன்னதும் உட்கார்ந்துவிட்டேன். எழுதச் சொன்னால் எழுதுவேன், பேசச் சொன்னால் பேசுவேன், நிறுத்தச் சொன்னால்தான் கொஞ்சம் சிரமம். இந்த வேலைக்கு அந்தக் குணம் சரிப்படுமா என்பதை நீங்கள் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நம் இடம் உங்களுக்குத் தெரியும். திருவொற்றியூரில் நெடுஞ்சாலை ஓரம், ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி. கண்டெய்னர் லாரி போனால் ஜன்னல் கம்பி அதிரும், பேச்சை நிறுத்திவிட்டுத்தான் தொடர வேண்டும். ‘நான் யார்’ என்றோ ‘எனக்கு யாரைப் பிடிக்கும்’ என்றோ குழப்பம் உள்ளவர்கள், குழப்பமே இல்லாமல் பயம் மட்டும் உள்ளவர்கள், அவர்களைப் பெற்றவர்கள் எல்லாரும் வந்து பேசுகிற இடம். நான் உள்ளறையில் உட்கார்ந்து பேசுகிறவள். சத்யா தெருத் தெருவாகப் போய் ஆட்களைப் பார்க்கிறவள், முன்னறையும் அவள் பொறுப்பு. சத்யா திருநங்கை, மற்ற திருநங்கைகளோடு ஒரே வீட்டில் இருக்கிறாள். என் வயதுதான், வாய் என்னைவிட நீளம்.

எப்படிப் பதிவு செய்வது, யாரிடம் அனுப்புவது என்பதெல்லாம் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். கதவுக்கு உள்ளே ஒருவர், வெளியே ஒருவர், நடுவில் நீங்கள் என்று ஒரு மதியம் வரும். அப்போது என்ன செய்வது என்று எந்தப் பயிற்சியிலும் வராது. எனக்கு வந்த அப்படி ஒரு மதியத்தைத்தான் எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுவிட்டு, பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒரு சின்ன விஷயம். எண்ணூரில் ஒரு தொழிற்பயிற்சி வகுப்பில் பேசக் கூப்பிட்டார்கள். கரும்பலகையில் இரண்டு கோடு போட்டேன். ஒன்று ‘நான் யார்’, இன்னொன்று ‘எனக்கு யாரைப் பிடிக்கும்’. இரண்டுமே இரண்டு பெட்டிகள் இல்லை, நிறமாலை மாதிரி, ஒரு நிறம் எங்கே முடிந்து அடுத்தது எங்கே ஆரம்பிக்கிறது என்று கோடு கிழிக்க முடியாது என்று ஆரம்பித்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், “மாலையா? யாருக்கு மேடம் கல்யாணம்?” என்றான். வகுப்பே சிரித்தது. வெல்டிங் படிக்கிற ஒரு பெண், முடியை ஒட்ட வெட்டியிருந்தாள், பேண்ட் சட்டை, பையன்கள் எல்லாரும் அவளைத் ‘தல’ என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் எழுந்தாள். “இவனுங்க என்ன ஆம்பளைன்றானுங்க மேடம். நான் பொண்ணுதான். துப்பட்டா போட்டுக்கினு வெல்டிங் புடிச்சா பத்திக்கும். அவ்ளோதான் மேட்டரு. எனக்கு ஆளும் கீறான்.” பலகையில் மூன்றாவதாக ஒரு கோடு போட்டேன், ‘நான் எப்படி உடுத்துகிறேன்’ என்று. இன்னும் எத்தனை கோடு வரும் என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டே பஸ்ஸில் வியாசர்பாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். எனக்கு இந்த வேலையில் பிடித்ததே இதுதான். ஒரு கேள்விக்கு விடை கிடைத்தால் பக்கத்தில் இன்னொரு கேள்வி வந்து குந்திக்கொள்ளும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

கஸ்தூரி அக்கா கடற்கரைக் குப்பத்துக்காரர். விடியுமுன் காசிமேட்டில் மீன் எடுத்து வந்து எங்கள் பக்கத்து மார்க்கெட்டில் விற்பார். கணவர் விசைப்படகு ஓட்டுகிறவர், போனால் பல நாள் கடலில்தான். சத்யா இவரிடம் மீன் வாங்குவாள், அந்தப் பழக்கத்தில் ஒரு நாள் மாடி ஏறி வந்தார்.

“இங்கதான் திருநங்கை ஆவறதுக்கு வழி சொல்றாங்களா?”

“யாருக்குக்கா?” என்றேன்.

“எனக்கா கேப்பேன், இந்த வயசுல? என் புள்ளைக்கு.”

மகன் பெயர் தினேஷ், வயது இருபத்து நாலு. கண்டெய்னர் யார்டில் குளிர்ப்பெட்டிகளுக்குக் கரண்ட் இணைப்புப் பார்க்கிற எலக்ட்ரீசியன். கஸ்தூரி அக்கா மூச்சு விடாமல் சொன்னார்.

“பொண்ணு பாத்துகினு இருந்தோம் பாப்பா. வந்த எடத்தயெல்லாம் வேணாம் வேணாம்னான். எதுக்குடா வேணாங்கிறன்னு கேட்டா மூஞ்சிய தூக்கி வெச்சுக்கினு குந்திக்கிறான். அன்னைக்கு நான் உடல. கத்துனேன். அவனும் கத்துனான். ‘நான் பொண்ணா பொறந்திருந்தா உனக்கு இந்தப் பேஜாரே இல்லம்மா’ன்னு சொல்லிட்டு மொட்ட மாடிக்குப் போய்ப் படுத்துக்கினான்.”

“அப்புறம்?”

“அப்பறம் இன்னா? எனக்குப் புரிஞ்சுபோச்சு. அழுதேன். அப்பால யோசிச்சேன். சின்னதுலயே கோலம் போடுவான். மீன் கொழம்பு என்னவிட நல்லா வெப்பான். பொம்பள மனசுதான் அவனுக்கு. நாந்தான் கண்ண மூடிக்கினு இருந்திருக்கேன். சத்யா மார்க்கெட்டுக்கு வருது, ராசாத்தி மாரி கீது. என் புள்ளையும் அப்டி இருந்துட்டுப் போட்டும்.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் பையனைச் சரி பண்ணிக் கொடுங்கள், மந்திரிக்கணுமா, மாத்திரை இருக்கா என்று கேட்கிற பெற்றோர்களையே பார்த்துப் பழகியவள் நான். இப்படி ஒரு அம்மா நடந்து வந்தால் மாலை போட்டு வரவேற்கத் தோன்றாதா? தினேஷை நேரில் பார்த்துப் பேசாமல் நாங்கள் எதுவும் சொல்ல முடியாது, அவருக்கு விருப்பம் இருந்தால் வரச் சொல்லுங்கள், அதுவரை நீங்களாக எதுவும் செய்யாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுப் போனார்.

“அந்தப் பையன் இன்னும் ஒரு வார்த்த சொல்லல. அதுக்குள்ள நீ அழுதுட்ட” என்றாள் சத்யா.

அடுத்த வாரம் ஒரு மதியம் தினேஷே வந்தான். எனக்குத் தம்பி வயசு, அவன் என்றே எழுதுங்கள் என்று அவனே சொன்னதால் அப்படி எழுதுகிறேன். யார்டில் போடுகிற கனமான ஷூவை வாசலில் கழற்றி எறிந்தான், தோளில் பெரிய பயணப் பை. உட்காரவில்லை.

“எங்கம்மா கிட்ட இன்னா சொல்லி வெச்சிருக்கீங்க மேடம்?”

“உக்காருங்க.”

“உக்கார்றது இருக்கட்டும். ஒரு வாரமா எங்கம்மா என்ன ‘வாடி, சாப்புடுடி’ன்னு கூப்புடுது. வெளையாட்டுன்னு நெனச்சேன். நேத்து என் சட்டைய எடுத்துக்கினு போய் ஜாக்கெட்டுக்கு அளவுன்னு டைலர் கிட்ட குடுத்திருக்குது. டைலர் எங்க தெருவு. காலைல டீக்கடையில ஒருத்தன் எழுந்து நின்னு எனக்கு சீட்டு குடுக்கறான். லேடீஸ் ஃபர்ஸ்ட்டாம்.”

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

“நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்கன்னு சொல்லுது.”

“உங்களப் பாக்காம உங்களப் பத்தி நாங்க எப்படிச் சொல்வோம்?”

உட்கார்ந்தான். குஜராத்தில் ஒரு துறைமுகத்தில் நண்பன் வேலை பார்த்து வைத்திருக்கிறானாம், சாயந்தரம் சென்ட்ரலில் ரயில், அதற்கு முன் எங்களைத் திட்டிவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறான். திரும்பி வருகிற எண்ணம் இல்லை. “வந்தா எந்த மூஞ்சிய வெச்சுக்கினு அந்தத் தெருவுல நடக்கறது?”

“திட்டி முடிச்சிட்டீங்கன்னா நான் ஒண்ணு கேக்கலாமா?”

“கேளுங்க.”

“நீங்க உங்கள என்னவா நெனைக்கிறீங்க?”

“ஆம்பள. அதுல இன்னா டவுட்டு?”

“எனக்கு டவுட்டு இல்ல. உங்க வாயால கேக்கணும்.”

கொஞ்ச நேரம் பையின் வாரைச் சுருட்டிச் சுருட்டி அவிழ்த்தான். “நான் ஆம்பளதான். எனக்குப் பசங்களத்தான் புடிக்கும். இப்ப ஒருத்தன் கீறான், மணலியில லேப்புல வேல. ஆம்பளையா இருக்கறதும் ஆம்பளைய புடிக்கறதும் ஒரே ஆள் கிட்ட இருக்கக் கூடாதா மேடம்? அம்மாவுக்கு ஏன் அது தோணவே இல்ல?”

“இருக்கலாம். நெறைய பேர் கிட்ட இருக்கு.”

“இன்னொண்ணு. லெவன்த் படிக்கும்போது ஒரு பொண்ண புடிச்சிது. நெஜமாவே புடிச்சிது. அப்ப அது பொய்யா, இப்ப இது பொய்யா?”

என் நாக்கு நுனியில் ஒரு சொல் தயாராக வந்து நின்றது. படித்தவர்களுக்கு இதுதான் ஆபத்து, எதைப் பார்த்தாலும் கையில் ஒரு பெயர்ச்சீட்டு இருக்கும், ஒட்டிவிடத் துறுதுறுக்கும். அவன் கேட்டது பெயர் இல்லை. பொய்யா என்றுதான் கேட்டான்.

“ரெண்டுமே உண்மையா இருக்கலாம். அதுக்கு இப்பவே பேரு வைக்கணும்னு கட்டாயம் இல்ல. என்னிக்காவது வைக்கணும்னு தோணினா வைங்க, தோணலன்னா உடுங்க.”

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். “இத்த யாருமே சொல்லலக்கா.” மேடம் போய் அக்கா வந்திருந்தது.

அப்போதுதான் முன்னறையில் கஸ்தூரி அக்காவின் குரல்.

“தினேசு உள்ள கீறானா?”

“யாரு வந்தாங்க, போனாங்கன்னு நாங்க சொல்றதில்ல யக்கா. ரூல்ஸ்” என்றாள் சத்யா.

“இது அவன் ஷூ.”

“ஷூவ பத்தி ரூல்ஸ் இல்ல.”

எங்கள் கதவு பலகைக் கதவு, குரல் எல்லாம் உள்ளே கேட்கும். கஸ்தூரி அக்கா அழுதுகொண்டே பேசினார். “பீரோவுல அவன் துணி ஒண்ணு இல்ல. கூட வேல செய்யற பையன் சொல்றான், குஜராத்தாம். சத்யா, ஒண்ணு கேக்குறேன், செய்வியா? நீ அவன உங்கூட இட்டுக்கினு போ. உம் பொண்ணா வெச்சுக்கோ. இதே ஊர்ல கீறான்னு தெரிஞ்சா போதும், நான் வந்து வந்து பாத்துக்குவேன்.”

சத்யா, “யக்கா, எங்க வூடு இன்னா குடோனா? ஊர்க்காரங்களுக்கு எங்க வெக்கறதுன்னு தெரியாததயெல்லாம் கொண்டாந்து எறக்குறதுக்கு? அவனுக்கு என்ன மாரி வாழணும்னு இருந்தா சொல்லட்டும், நானே ஆட்டோ எடுத்துக்கினு வந்து கூட்டிக்கினு போறேன். இல்லன்னா அவன் உம் புள்ள. உன் வூட்டுலயே வெச்சுக்கோ” என்றாள்.

தினேஷ் முதல்முறையாகச் சிரித்தான். உடனே சிரிப்புப் போய்விட்டது. “அக்கா, நீங்களே வெளிய போய்ச் சொல்லிடுங்க. எல்லாத்தையும். நான் சொன்னேன்னே சொல்லுங்க. எனக்கு ரயிலுக்கு நேரமாவுது. பின்னாடி வழி இருக்கா?”

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் நிற்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அனுமதி கிடைத்துவிட்டது. அவன் வாயாலேயே கிடைத்துவிட்டது. ரகசியம் காக்கிற விதிப்படி நான் வெளியே போய்ச் சொல்லலாம், தப்பில்லை. நன்றாகவும் சொல்வேன். பாலின அடையாளம் வேறு, பாலீர்ப்பு வேறு என்று பலகையே வைத்து விளக்குவேன். கஸ்தூரி அக்கா தலையாட்டிக் கேட்பார், முன்பும் எல்லாவற்றுக்கும் தலையாட்டியவர்தானே. அதற்குள் மகன் பின்வழியாக இறங்கி ரயிலேறியிருப்பான். அம்மாவுக்கு மிஞ்சுவது ஓர் ஆஸ்பத்திரி ரிப்போர்ட் மாதிரியான என் விளக்கம்.

அந்த நொடியில் எனக்கு ஓடியது ஒரே ஒரு யோசனை. அன்று சண்டையில் இவன் சொன்ன வாக்கியம் பாதியில் நின்றிருக்கிறது. ‘நான் பொண்ணா பொறந்திருந்தா உனக்கு இந்தப் பேஜாரே இல்ல’. மீதியை அம்மாவே தன் மனசுக்குள் முடித்துவைத்துக்கொண்டார், பிரியத்தோடுதான் முடித்தார், ஆனால் வேறொரு பிள்ளைக்குப் பொருந்துகிற மாதிரி முடித்துவிட்டார். இப்போது நான் வெளியே போய்ப் பேசினால் அதே வாக்கியத்தை முடித்துவைக்கிற இரண்டாவது ஆள் நான்.

“பின்னாடி வழி இருக்கு. காட்டறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. அன்னைக்கு அம்மா கிட்ட சொன்னீங்களே, பொண்ணா பொறந்திருந்தான்னு. மீதி என்ன சொல்ல வந்தீங்க?”

அவன் சொன்னான்.

“அத்தன வார்த்ததான். வெளிய போய் அத மட்டும் சொல்லிட்டு, அப்பறம் எந்த வழியா வேணா போங்க. நான் பக்கத்துல நிக்கிறேன். வாய தொறக்க மாட்டேன்.”

என்னைப் பொறுத்தவரை அது பெரிய வாக்குறுதி. அவனுக்கு அது தெரியாது. வெளியே வந்தான்.

கஸ்தூரி அக்கா எழுந்து பையைப் பிடிக்கப் போனார். அவன் ஓர் அடி பின்னால் போனான்.

“யம்மா, அன்னைக்கு நான் ஒண்ணு சொன்னேன்ல. நான் பொண்ணா பொறந்திருந்தா உனக்குப் பேஜாரு இல்லன்னு.”

“சொன்ன.”

“அத்த நான் முடிக்கல.”

“இன்னாடி முடிக்கல?”

“டி போடாதம்மா.” பையைக் கீழே இறக்கினான். “நான் பொண்ணா பொறந்திருந்தா, எனக்குப் புடிச்ச பையன நீயே போய்ப் பேசி முடிச்சிருப்ப. ஊரக் கூட்டிச் சோறு போட்டிருப்ப. நான் ஆம்பளையா கீறதால அது உனக்குப் பேஜாரு. அதத்தான் சொல்ல வந்தேன். எனக்குப் பொண்ணா மாற ஆச இல்ல. நான் இப்டியேதான் கீறேன். எனக்கு ஒரு பையன புடிச்சிருக்கு.”

கீழே லாரி போயிற்று. ஜன்னல் கம்பி அதிர்ந்து நிற்கும்வரை யாரும் பேசவில்லை.

“அப்ப நீ பொண்ணு இல்ல” என்றார் கஸ்தூரி அக்கா, கணக்கை முதலிலிருந்து போடுகிற மாதிரி.

“இல்ல.”

“ஆனா பையன புடிக்கும்.”

“ஆமா.”

“அப்ப அந்தப் பையன் பொண்ணா?”

“அவனும் பையன்தாம்மா.”

“அய்ய, அப்ப யாருதான்டா பொண்ணு?”

சத்யா வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு வாயைத் திறக்காமல் இருப்பது அதற்கு மேல் முடியவில்லை, தினேஷைப் பார்த்தேன், சொல்லுங்கள் என்று கண்ணைக் காட்டினான். பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள், கேட்கிறவரின் தொழிலிலிருந்து உதாரணம் எடு என்று. “அக்கா, கடல்ல பாருங்க, மீன்ல எத்தன விதமான…” என்று ஆரம்பித்தேன்.

“மீன உடு பாப்பா. காலைலேர்ந்து அத்தத்தான் பாத்துகினு கீறேன். என் புள்ளையப் பத்திப் பேசு.”

உதாரணத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு நேராகச் சொன்னேன். நான் யார் என்பது ஒரு கேள்வி, எனக்கு யாரைப் பிடிக்கும் என்பது தனிக் கேள்வி, முதல் கேள்விக்கு விடை தெரிந்தால் இரண்டாவதற்கு விடை தானாக வந்துவிடாது. கஸ்தூரி அக்கா அதைக் கேட்டுக்கொண்டே சத்யா பக்கம் திரும்பினார்.

“அப்ப உனக்கு?”

“நான் பொண்ணு. எனக்குப் பசங்களப் புடிக்கும். எங்க வூட்டுல இன்னொருத்தி கீறா, அவளுக்குப் பொண்ணுங்களத்தான் புடிக்கும்.”

“அவளும் உன்ன மாரி திருநங்கைதான?”

“ஆமா.”

கஸ்தூரி அக்கா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “இத்தயெல்லாம் மீன் வாங்க வரும்போது ஏன்டி ஒரு நாள்கூட சொல்லல?”

“நீ ஒரு நாளாவது வெலய கொறச்சியா, நான் சொல்றதுக்கு?”

எல்லாரும் சிரித்தோம், அறை கொஞ்சம் இளகியது. ஆனால் அழுகை நின்றதும் அவர் கேட்ட கேள்வி இருக்கிறதே, அதை நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். “திருநங்கைன்னா தெருவுக்குப் புரியும் பாப்பா. ஒருத்தன் கும்புடுவான், ஒருத்தன் கிண்டல் பண்ணுவான், ஆனா இன்னான்னு புரியும். இவன இன்னான்னு சொல்றது?”

“தன்பாலீர்ப்பாளர்னு ஒரு சொல் இருக்குக்கா.”

“தம்பாலி…”

“தன்பாலீர்ப்பாளர்.”

“பால் டிப்போ பேரு மாரி கீது” என்றார்.

திருநங்கை என்ற சொல்லைத் தெருவில் நிமிர்ந்து சொல்ல முடிகிறதென்றால், சத்யா மாதிரி எத்தனையோ பேர் அடிபட்டு, அவமானப்பட்டு அதற்கு ஒரு நாற்காலி வாங்கியிருக்கிறார்கள். தினேஷ் மாதிரி ஆட்களுக்கு எங்கள் பக்கத்துப் பேச்சுத்தமிழில் இருக்கிற சொற்கள் எல்லாமே வசவு. புத்தகச் சொல் இருக்கிறது, வாயில் நுழையவில்லை. தன் மகனை உட்காரவைக்க இடம் தேடிய அம்மா, காலியாகத் தெரிந்த ஒரே நாற்காலியில் கொண்டுபோய் உட்காரவைக்கப் பார்த்திருக்கிறார். மக்கள் தப்பான பெயரைச் சொல்லும்போது உடனே திருத்தாதீர்கள். அந்தப் பெயரை எதற்காகத் தேடி எடுத்தார்கள் என்று கேளுங்கள்.

கஸ்தூரி அக்காவின் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவன் தினேஷ். “ஒண்ணும் சொல்லாதம்மா. தினேசுன்னு சொல்லு. பேரு வெச்சதே நீதான?”

கஸ்தூரி அக்கா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

“அப்பறம், சோறு யாரு ஆக்குறது? ரெண்டு ஆம்பளைங்க கீற வூட்டுல?”

“இப்ப நம்ப வூட்டுல யாரு ஆக்குறது? நீ இருட்டோட காசிமேடு போயிடுற. நான்தான ஆக்கி வெச்சுட்டு வேலைக்குப் போறேன்?”

“அதுவும் சரிதான்.” பிறகு மகனை நேராகப் பார்த்தார். “தினேசு, நான் பொய் சொல்ல மாட்டேன். எனக்கு இது புடிக்கல.”

தினேஷ் குனிந்து பையை எடுத்தான்.

“இரு. நானும் இன்னும் முடிக்கல. எனக்கு இது புடிக்கல. நீ குஜராத்து போறது அதவிடப் புடிக்கல. புடிக்காதது ரெண்டுல ஒண்ண நான் எடுத்துக்கினு போறேன். இன்னாத்த எடுக்கறேன்னு உனக்கே தெரியும்.”

“அப்பா?”

“அவரு படகு நாளைக்குக் கரைக்கு வருது. நான் வாயத் தொறக்க மாட்டேன். உனக்கு எப்ப சொல்லணும்னு தோணுதோ அப்ப சொல்லு. சொல்லும்போது என்ன கூப்புடு, பக்கத்துல குந்திக்கினு கீறேன். அந்தாளு கைய ஓங்குனா புடிக்க ஒரு ஆள் வேணும்ல?”

“தெருவு?”

“தெருவுல வாய் எனக்கும்தான் கீது.”

அவன் ஷூவை மாட்டிக்கொண்டு படியிறங்கினான், பை தோளில்தான் இருந்தது. பின்வழியை அவனும் கேட்கவில்லை, நானும் காட்டவில்லை. பின்னாலேயே கஸ்தூரி அக்கா, அவருக்குப் பின்னால் நானும் சத்யாவும். பாதிப் படியில் கஸ்தூரி அக்கா, “அந்தப் பையன் மீன் துன்னுவானா?” என்றார்.

“துன்ன மாட்டான்.”

“கருவாடு?”

“யம்மா.”

கீழ்ப்படியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். “ஏன் பாப்பா, நீ இன்னா?”

“அப்டியெல்லாம் கேக்கக் கூடாதும்மா” என்றான் தினேஷ்.

“ஏன்? இந்தப் பொண்ணு உன்ன கேட்டுது. சத்யாவ நான் கேட்டேன். வர்றவங்கள எல்லாம் கேட்டுக்கினு கீது. அத்த யாராவது கேட்டாங்களா?”

யாரும் கேட்டதில்லை. நான்கு வருடமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து இந்தக் கேள்வியைப் பலவிதமாகக் கேட்டிருக்கிறேன், திரும்பி என் பக்கம் வந்ததே இல்லை. என்னை யாரும் சந்தேகப்பட்டதில்லை, அதனால் நானும் என்னைத் தெரிந்துகொண்டதாகவே வைத்துக்கொண்டிருந்தேன்.

“நான் பொண்ணுக்கா. பசங்களத்தான் புடிக்கும்னு நெனச்சுக்கினு கீறேன்.”

“நெனச்சுக்கினு கீறியா?”

“ஆமாக்கா. யாரும் கேக்கல, நானும் சரி பாத்ததில்ல.”

“பாத்து வெச்சுக்கோ” என்றார், மாத்திரை சாப்பிட நினைவூட்டுகிற மாதிரி. நீங்களும் அந்த நாற்காலியில் உட்காருமுன் ஒருமுறை பார்த்துவையுங்கள். விடை பழைய விடையாகவே இருக்கலாம். கேட்டுப் பார்த்தவர் அடுத்தவரைக் கேட்கும்போது குரல் மாறிவிடுகிறது, அதை நான் அதற்குப் பிறகு கவனித்தேன்.

சாலைக்கு வந்தோம். சென்ட்ரல் போக எதிர்ப்பக்கம் நிற்க வேண்டும், வீட்டுக்குப் போக இந்தப் பக்கம். தினேஷ் இரண்டு பக்கமும் பார்த்தபடி சாலை ஓரத்தில் நின்றான். ரயிலுக்கு நேரம் இருந்தது. கஸ்தூரி அக்கா அவனை இழுக்கவில்லை, அவன் பக்கத்தில் நின்றார். கண்டெய்னர் லாரிகள் வரிசையாகப் போய் முடிந்ததும் “எண்ணூர், எண்ணூர்” என்று கூவிக்கொண்டு ஒரு ஷேர் ஆட்டோ எங்கள் பக்கம் வந்து நின்றது. கஸ்தூரி அக்கா அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“எத்தினி பேரு?” என்றார் டிரைவர்.

கஸ்தூரி அக்கா மகனைப் பார்த்தார். அவன் தோளிலிருந்த பையைக் கழற்றிக் கையில் பிடித்தான்.

“ரெண்டு பேரு” என்றார். “எனக்கு உள்ள பொம்பளைங்க பக்கத்துல எடம் குடு. என் பையன் முன்னால உன் பக்கத்துல குந்திக்குவான்.”

டிரைவர் நகர்ந்து இடம் விட்டார். தினேஷ் பையை மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தான்.